படத்தில் இல்லாத கேள்வி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். பன்னிரண்டு நிமிடம் ஓடும். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டரம்மா. இந்தப் பக்கம் ஒரு அப்பா, ஒரு அம்மா, நடுவில் தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஒரு சிறுமி. டாக்டரைத் தவிர மற்றவர்கள் முகத்தையெல்லாம் மங்கலாக்கியிருப்பார்கள். சோதனை மருந்துக்குப் பெற்றோரின் ஒப்புதலை எப்படிப் பதிவு செய்வது என்பதற்கு நம் ஆஸ்பத்திரியில் அதுதான் மாதிரிப் படம். சத்தம் தெளிவாக இருக்கும், வெளிச்சம் சரியாக இருக்கும். டாக்டர் ஒரு வரி விடாமல் சொல்வார், அப்பா ஒவ்வொன்றையும் தன் பேச்சில் திருப்பிச் சொல்வார். ஆரம்பத்தில் தேதியும் இடமும் சொல்கிற பெண் குரல் என்னுடையது.

"புதுப் பிள்ளைகளுக்கு உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க சிஸ்டர்" என்று கேட்டபோது சுவையாக நாலு கதை எழுதித் தரலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பதினைந்து வருடம் குழந்தைகள் வார்டில் நர்ஸ், அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை மருந்து ஆய்வுப் பிரிவில் ஒருங்கிணைப்பாளர். என்னிடம் கதைக்கா பஞ்சம்? ஆனால் எதை எழுத எடுத்தாலும் அந்தப் படம் வந்து குறுக்கே நின்றது. அதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அப்பா கேட்ட ஒரு கேள்வி அதில் இல்லை. யாரும் அதை வெட்டவில்லை. கேமரா ஓடுவதற்கு முந்தின நாளே நான் அதை அவர் வாயிலேயே அடக்கிவிட்டேன்.

முதலில் அந்தக் காலத்து நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒப்புதல் வாங்குவதை வீடியோ எடுக்க வேண்டும் என்று விதி வந்த புதிதில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் படத்தில் மின்விசிறியின் சத்தம்தான் கேட்டது, மனிதர்கள் வாயசைத்தார்கள். இன்னொன்றில் அப்பா லாரி ஓட்டுநர். டாக்டர் பக்கவிளைவுகளைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் போன் லாரி ஹாரன் மாதிரி அலறியது. மூன்று முறை அலறியது. மூன்று முறையும் எடுத்து, "ஆஸ்பத்திரியில இருக்கேன், அப்பறம் பேசறேன்" என்று சாவகாசமாகச் சொன்னார். மற்றொன்றில் அம்மா தொடக்கம் முதல் கடைசி வரை அழுதார், அப்பா "நீங்க எது சொன்னாலும் சரீங்க" என்ற ஒரே வாக்கியத்தைப் பதினாறு முறை சொன்னார். தணிக்கைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, பெற்றோருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். அவர்கள் எழுதியது சரிதான். எனக்குத்தான் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். பதிவுக்கு முந்தின நாள் பெற்றோரை அதே அறையில், அதே நாற்காலியில் உட்கார வைத்து ஒரு ஒத்திகை. டாக்டர் இன்னின்னது கேட்பார், நீங்கள் உங்களுக்குப் புரிந்ததை இப்படிச் சொல்லுங்கள், போனை அணைத்துவிடுங்கள், அழுகை வந்தால் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பேசுங்கள். விதியில் அப்படி ஒத்திகை பார்க்கச் சொல்லவில்லை. பார்க்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என் படங்களில் ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வரவில்லை. மற்ற ஊர்களிலிருந்து போன் போட்டு எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் கனிஷ்கா வந்தாள். பெயரை மாற்றியிருக்கிறேன். ஒன்பது வயது. நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற வழியில் அவர்களுக்குக் கோழிப்பண்ணை. பெரிய பண்ணை என்று சொல்ல முடியாது, நான்கு ஷெட்டு. வயிற்றில் கட்டி என்று வந்தவளுக்கு ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு எல்லாம் பார்த்தாகிவிட்டது. கட்டி ஒருமுறை மறைந்து திரும்பி வந்தது. மறுபடியும் வைத்தியம் செய்தோம். இரண்டாம் முறை திரும்பியபோது நுரையீரலிலும் புள்ளி புள்ளியாக இருந்தது. இனி வழக்கமான மருந்து எதுவும் பிடிக்காது என்று டாக்டரம்மா பெற்றோரிடம் நேராகவே சொல்லிவிட்டார். அவர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள்தான் இருந்தன. வலிக்கு மருந்தோடு வீட்டுக்கு அழைத்துப் போவது ஒன்று. அந்த நேரத்தில் நம்மிடம் தொடங்கியிருந்த முதல் கட்ட ஆய்வில் சேர்வது மற்றொன்று.

முதல் கட்ட ஆய்வு என்றால் என்ன என்று உங்களுக்குப் பாடம் நடத்தியிருப்பார்கள். மூன்று மூன்று குழந்தைகளாகச் சேர்ப்போம். முதல் மூவருக்குக் குறைந்த அளவு. அவர்கள் தாங்கிக்கொண்டால் அடுத்த மூவருக்கு இன்னும் கொஞ்சம் கூட்டுவோம். எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்று பார்ப்பதுதான் அதன் வேலை. நோய் குறைந்தால் அது அதிர்ஷ்டம். முதல் நான்கு வாரம் ஆஸ்பத்திரியை விட்டு எங்கும் போக முடியாது. குறித்த நாளில் குறித்த மணிக்கு ரத்தம் எடுக்க வேண்டும்.

கனிஷ்காவைப் பொறுத்தவரை அந்த நான்கு வாரம்தான் விஷயம். அவளிடம் இருந்த நல்ல நாட்கள் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆய்வுக்குக் கொடுத்தால் வீட்டுக்கு இல்லை, வீட்டுக்குக் கொடுத்தால் ஆய்வுக்கு இல்லை. அந்தக் கணக்கு எனக்குத் தெரியும், டாக்டரம்மாவுக்குத் தெரியும். அந்த அப்பாவுக்கும் அது சரியாகத் தெரிய வேண்டும், முடிவு அவருடையது. நம் வேலை அது ஒன்றுதான்.

டாக்டரம்மாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பெற்றோர் யாராவது மனசுக்குள் தைக்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அன்றைக்குக் கையெழுத்து வாங்க மாட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "பாப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா அவ என்ன பண்ணுவா, சொல்லுங்க" என்று கேட்பார். அவர்கள் சொல்வார்கள். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பிறகு, "நாளைக்கு வாங்க, இல்லாட்டி நாளன்னைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவார். சிலர் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்கள். சிலர் வரவில்லை. வராதவர்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் குறைவாகப் பேசியதில்லை. எனக்கு மட்டும் உள்ளுக்குள் முணுமுணுப்பாக இருக்கும். இவ்வளவு பாடுபட்டு ஓர் ஆளைத் தேடிப் பிடித்தால் இந்த அம்மா பேச்சுக் கொடுத்தே அனுப்பிவிடுகிறாரே என்று.

அந்தச் சுற்றில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. ஆய்வை நடத்துகிறவர்கள் நமக்காக அதை இரண்டு நாள் நிறுத்தி வைத்திருந்தார்கள். தவறினால் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். கனிஷ்காவின் ரத்தப் பரிசோதனையும் அந்த வாரம் சேர்க்கிற நிலையில் இருந்தது, அடுத்த வாரம் இருக்குமா என்று சொல்ல முடியாது. எனக்கு அவள் மேல் பிரியமும் இருந்தது. இந்த மருந்து ஒருவேளை கேட்டுவிட்டால் என்ற நினைப்பும் இருந்தது. இதையெல்லாம் சமாதானமாகச் சொல்லவில்லை. என் மனம் அன்றைக்கு எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

ஒத்திகை அன்று காலை பதினொரு மணி இருக்கும். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அம்மா பெண்ணின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். மருந்து மாத்திரையாக இருக்கும், வாந்தி வரலாம், எத்தனை முறை ரத்தம் எடுப்போம், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். மூன்று மூன்று பேராக அளவைக் கூட்டுகிற இடம் வந்தபோது அவர் கையை லேசாக உயர்த்தினார்.

"ஏனுங்க சிஸ்டர், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"எங்க பண்ணைக்குப் புதுத் தீவனம், புது தடுப்பு மருந்து எது வந்தாலும் ஒடனே நாலு ஷெட்டுக்கும் போட்டுற மாட்டமுங்க. ஓரத்துல இருக்கற ஒரு ஷெட்டுக்கு மட்டும் போட்டுப் பாப்போம். எத்தனை சாகுது, முட்டை கொறையுதான்னு பாத்துட்டுத்தான் மத்த ஷெட்டுக்குப் போடறது. அது அந்த ஷெட்டுக் கோழிக்காகப் பண்றதில்லீங்க. மத்த ஷெட்டுக்காகப் பண்றது."

நான் தாளைக் கீழே வைத்தேன்.

"இதுவும் அப்பிடித்தானுங்களா? என்ற புள்ளை அந்த மொத ஷெட்டுங்களா?"

எத்தனையோ வருடம் எத்தனையோ படித்த பெற்றோருக்கு இதை விளக்கியிருக்கிறேன். பத்துப் பக்கத் தாளைப் படித்துவிட்டு, "அப்போ சரியாகிடும்ல சிஸ்டர்?" என்று கேட்டவர்கள்தான் அநேகம். இந்த மனிதர் பத்தாவது தாண்டாதவர். முழுதும் புரிந்துகொண்டு தன் பிள்ளையைப் பற்றி ஒரே வரியில் கேட்டுவிட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நாளைக்கு டாக்டரம்மாவிடம் கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பேனாவை மூடுவார். வீட்டுக்குப் போனால் பாப்பா என்ன செய்வாள் என்று கேட்பார். நாளன்னைக்கு வாங்க என்பார். இடம் போய்விடும். இவ்வளவும் ஒரு நொடிக்குள் மனசில் ஓடிவிட்டது.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"என்னங்க இது, கோழியும் கொழந்தையும் ஒண்ணா? அப்படியெல்லாம் மனசைப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. நாங்க எல்லாரும் பாப்பாவுக்காகத்தானே இருக்கோம்? நாளைக்குக் கேமரா முன்னாடி இந்த மாதிரி கேட்டுடாதீங்க. பாக்கறவங்க வேற மாதிரி நெனைச்சுக்குவாங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

"சரீங்க," என்றார்.

கனிஷ்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "சிஸ்டர், மொத முட்டை வாரதுக்குள்ள ஊட்டுக்குப் போயிருவமா?"

எனக்குப் புரியவில்லை. அம்மா விளக்கினார். பண்ணையில் புதுக் கோழிகளை வளர்த்து வருகிறார்கள், இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் முட்டையிட ஆரம்பிக்கும். ஒவ்வொரு தடவையும் புதுக் கோழிகள் இடுகிற முதல் முட்டையைக் கனிஷ்காதான் எடுப்பாளாம். மூன்று வயதிலிருந்தே அப்படித்தானாம். கூண்டுக் கம்பிக்கு முன்னால் உருண்டு வந்து நிற்கிற சின்ன முட்டையை எடுத்து அப்பா கையில் கொடுப்பாளாம். அவள் பள்ளிக்கூடம் போயிருந்தால்கூட யாரும் தொடாமல் வைத்திருப்பார்களாம்.

"போயிடலாம் கண்ணு," என்று சொன்னேன். நான்கு வாரத்துக்குள் அவளை எங்கும் விட மாட்டோம் என்று தெரியும். கோழிகள் இருக்கும் இடத்துக்கு அந்த உடம்போடு போகவே கூடாது என்றும் தாளில் எழுதியிருந்தது. வாய் கூசாமல் சொன்னேன்.

மத்தியானம் டாக்டரம்மா வராந்தாவில் என்னை நிறுத்திக் கேட்டார். எப்போதும் கேட்கிறதுதான்.

"நாளைக்குப் பதிவு இருக்கே சிஸ்டர், அவங்க ஏதாவது கேட்டாங்களா?"

"எல்லாம் நல்லாப் புரிஞ்சுக்கிட்டாங்க டாக்டர். சந்தேகம் ஒண்ணும் இல்ல."

பிள்ளைகளே, என்னுடைய எல்லாத் தவறுகளையும் ஒரு தட்டில் வைத்து இந்த ஒரு வாக்கியத்தை இன்னொரு தட்டில் வைத்தால் இதுதான் கனக்கும். அப்பாவிடம் மழுப்பியது பதற்றத்தில் நடந்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இது அதற்கு இரண்டு மணி நேரம் கழித்து, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, நிதானமாகச் சொன்னது.

மறுநாள் எடுத்ததுதான் நீங்கள் பார்த்த படம். டாக்டரம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. இது முதல் கட்டம், பலன் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, பின்னால் வரும் குழந்தைகளுக்கு உதவலாம் என்று அவர் சொல்வதை நீங்களே கேட்டிருப்பீர்கள். கடைசியில், "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்கிறார். பதினோராவது நிமிடம். அந்த இடத்தில் அப்பாவின் தலை ஒருமுறை இடப்பக்கம் திரும்பும். முகம் மங்கலாக இருந்தாலும் திரும்புவது தெரியும். அடுத்த முறை கவனியுங்கள். அந்தப் பக்கம், கேமராவில் விழாத இடத்தில், நான் நின்றுகொண்டிருந்தேன். பிறகு அவர் நேராகத் திரும்பி, "ஒண்ணுமில்லீங்க, புரிஞ்சுதுங்க" என்கிறார்.

கையெழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினார்கள். அப்பா வாரத்தில் இரண்டு நாள் பண்ணைக்குப் போய் வருவார். மருந்து கனிஷ்காவைப் பெரிதாகப் படுத்தவில்லை. நோயையும் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு அது மூன்றாம் வாரமே தெரிந்தது. வயிறு வீங்கிக்கொண்டே வந்தது. ஆனாலும் ரத்தம் எடுக்க வேண்டிய நாளெல்லாம் அவள் கையை நீட்டினாள். ஊசிக்கு அழுகிற பிள்ளை இல்லை அவள்.

அந்த வாரம் ஒருநாள் அப்பா ஒரு டிபன் பாக்ஸோடு வந்தார். திறந்தால் உள்ளே நெல் உமி, உமிக்குள் ஒரு சின்ன முட்டை. சின்ன எலுமிச்சம்பழம் அளவு, அவ்வளவுதான். நான் பக்கத்துப் படுக்கைக்கு சலைன் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"இந்தா சாமி, மொத முட்டை. நேத்து காத்தால வந்துதுடா."

அவள் எடுத்துப் பார்த்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"யாருப்பா எடுத்தது?"

"அப்பாதான்."

அவள் அதை மறுபடியும் உமிக்குள் வைத்தாள். "அப்ப இது மொத முட்டை இல்லப்பா," என்றாள். கோபித்துக்கொள்ளவில்லை. தெரிந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். அப்பா மூடியைப் போட்டு மூடினார். என்னைப் பார்க்கவில்லை. நான் சலைன் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இருபத்தைந்தாம் நாள் மூச்சுத் திணறல் வந்தது. ஸ்கேனில் எல்லாம் பெருகியிருந்தது. டாக்டரம்மா அன்றே ஆய்விலிருந்து விலக்கி, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அப்பா மறுநாள் காலைக்கு ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அம்மா துணிகளை மடித்துப் பைகளில் வைத்தார். ஆனால் அந்தக் காலையிலேயே ஆக்ஸிஜன் இறங்க ஆரம்பித்தது. அந்த நிலையில் வண்டியில் ஏற்ற முடியாது. பகல் ஒரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டிஸ்சார்ஜ் தாள் தயாராகி நர்ஸ் மேசையில் கிடந்தது.

அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "ஊட்டுக்கு ஒருக்காக் கூட்டிட்டுப் போயிருக்கலாமுங்க சிஸ்டர். ஒருக்காப் போயிருக்கலாம்," என்று மட்டும் சொன்னார். யார் மேலும் குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவளுடைய ரத்த மாதிரிகள் ஒன்றுகூட விடுபடாமல் போய்ச் சேர்ந்திருந்தன என்று எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தேடவும் இல்லை.

ஒரு வருடம் போயிருக்கும். அந்தப் பதிவைப் புதியவர்களுக்குப் பாடமாகக் காட்டலாம் என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். பெற்றோரின் சம்மதம் வேண்டும். யார் போய் வாங்குவது? நான்தான்.

நாமக்கல்லில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனேன். அப்பா பண்ணையில்தான் இருந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. "வாங்க சிஸ்டர்" என்று நாற்காலி எடுத்துப் போட்டார், இளநீர் வெட்டிக் கொடுத்தார். கனிஷ்காவின் அம்மா தன் தாய் வீட்டுக்குப் போயிருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன். போனில் படத்தைப் போட்டுக் காட்டினேன். முகம் தெரியாது, பெயர் வராது என்றேன். அவர் கடைசி வரை பார்த்தார். மகளின் மங்கலான முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"நான் அன்னைக்குக் கேட்டது இதுல இல்லீங்களே," என்றார்.

"இல்லைங்க."

"அது இல்லாம இதைக் காட்டி என்னத்தைங்க சொல்லிக் குடுப்பீங்க?"

நான் போனை அணைத்துப் பைக்குள் வைத்தேன். அவரே மறுபடி கேட்டார்.

"அந்த மருந்து என்னாச்சுங்க?"

"எவ்வளவு குடுக்கலாம்னு கண்டுபிடிச்சுட்டாங்க. அடுத்த கட்டம் நடக்குது. வேற கொழந்தைங்களுக்குக் குடுத்துப் பாக்கறாங்க."

"செரி. நல்லதுங்க." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சிஸ்டர், நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைச்சுக்காதீங்க. அன்னைக்கு நீங்க ஆமான்னு சொல்லியிருந்தாலும் நான் ஒத்துக்கிட்டிருப்பனோ என்னமோ. நாலு புள்ளைங்களுக்கு நல்லதுன்னா குடுத்திருக்கலாம். இல்லாட்டி ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாம். எதைப் பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாதுங்க. அதுதான் சங்கடமா இருக்குது. என்ற புள்ளையை நானாக் குடுத்தனா, நீங்களா எடுத்துக்கிட்டீங்களான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலீங்க."

நான் அழுதேன். மன்னிச்சிடுங்க என்று சொன்னேன். அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "காட்டுங்க. ஆனா நான் அப்பிடிக் கேட்டேன்னும் சொல்லோணும்," என்றார்.

"சொல்றேங்க," என்றேன்.

சொல்லவில்லை. ஓய்வு பெறும் வரை எத்தனை முறை அந்தப் படத்தைப் போட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் பதினோராவது நிமிடம் வரும், அவர் தலை திரும்பும், நான் வாயைத் திறப்பேன். பிறகு கடிகாரத்தைப் பார்ப்பேன். அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று விளக்கைப் போட்டுவிடுவேன். டாக்டரம்மாவிடம் மட்டும், அவர் வேறு ஊருக்கு மாறிப் போன நாளில் சொன்னேன். "நான் பத்து நிமிஷம் அவர்கூட உக்காந்திருப்பேனே சிஸ்டர்," என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நம் வேலை தவறான வேலை என்று சொல்ல வரவில்லை. இன்றைக்குப் பிழைத்து ஓடியாடுகிற பிள்ளைகளுக்காக என்றோ யார் வீட்டுப் பிள்ளையோ முதலில் நின்றிருக்கிறது. நிற்கச் சொல்லிக் கேட்பதும் தவறில்லை. கேட்காமல் நிற்க வைப்பதுதான் தவறு. ஒத்திகை வேண்டாம். பெற்றோர் அறைக்குள் கால் வைத்ததுமே கேமராவைப் போட்டுவிடுங்கள். போன் அலறட்டும், அவர்கள் அழட்டும், படம் திரும்பி வந்தால் வரட்டும், மறுபடி எடுக்கலாம். யாராவது கோழியையோ தறியையோ லாரியையோ சொல்லி உங்களிடம் கேட்டால் சிரிக்காதீர்கள். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அவர் கேட்டதை அவர் வார்த்தையிலேயே கொண்டுபோய் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்த பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைப் போடும்போது பதினோராவது நிமிடத்தில் நிறுத்துங்கள். அந்தத் தலை ஏன் திரும்புகிறது என்று சொல்லுங்கள். அவர் கேட்டதைப் படித்துக் காட்டுங்கள்: "என்ற புள்ளை அந்த மொத ஷெட்டுங்களா?"

நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலையும் படித்துவிடுங்கள். ஆமாங்க.